பின்பெட்டிக்கு எது நல்லது

1

போன மாதம் ஒரு விவசாயி எங்கள் கடைக்கு வந்தார். புதிதாக வாங்கிய பிக்கப் வாகனத்தை வாசலில் நிறுத்திவிட்டு, அதன் பின்பெட்டி கறள் பிடித்துத் துருவேறாமலும் கீறுப்படாமலும் இருக்க எதைப் போடுவது நல்லது என்று கேட்டார். வினிப்பெக் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் இந்தக் கடையில் பதினொரு வருடமாக என் வேலையே அதுதான். பெட்டிக்குள் அப்படியே இறக்கி வைக்கும் பிளாஸ்ரிக் உறை இருக்கிறது. தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி விசிறிப் பூசும் தடித்த பூச்சு இருக்கிறது. விரித்துச் சுருட்டக்கூடிய றப்பர் பாய் இருக்கிறது. மூன்றின் நன்மை தீமைகளையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அன்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லச் சொல்ல, என் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

கூட வேலை செய்பவர் வந்து அவரைக் கவனித்தார். நான் பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு நாங்கள் இங்கிருந்து சாமான் அனுப்புகிறோம். சாமானோடு சேர்த்துப் புத்தியும் அனுப்புகிறோம். நான் அனுப்பிய ஒன்றால் நடந்ததை ஒருமுறை எழுதிவிட்டால் நெஞ்சிடிப்புக் கொஞ்சம் அடங்கும் என்று நினைக்கிறேன்.

2

என் அக்கா யசிந்தா முல்லைத்தீவில் கடற்கரையோடு ஒட்டிய வீட்டில் இருக்கிறார். அவருடைய கணவர் மரியதாஸ் அத்தான் முன்பு கடலுக்குப் போனவர். முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு, காலையில் கரைக்கு வரும் வள்ளங்களில் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, வவுனியா நெளுக்குளத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். முதலில் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு போனார். பிறகு ஒரு பழைய யப்பான் பிக்கப் வாங்கினார். அதை ஓட்டியது அவர் அல்ல, மகள் ஜெனிற்றா. ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அவள் எடுத்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. பொம்பிளைப் பிள்ளை மீன் வண்டி ஓட்டுவதா என்று அக்கா தயங்கியபோது, "இஞ்ச வினிப்பெக்கில பஸ்ஸே பொம்பிளையள்தான் ஓடினம்" என்று நான்தான் கதைத்துச் சம்மதிக்க வைத்தேன்.

பிக்கப் வாங்கிய அன்று குடும்பமாக நின்று ஒரு படம் அனுப்பினார்கள். நான் அவர்களுடைய முகங்களைப் பார்க்க முன்னர் பின்பெட்டியைப் பார்த்தேன். தொழில் பழக்கம். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உரிந்து கிடந்தது. மீன், ஐஸ், உப்புத்தண்ணீர். எனக்குப் பதற்றமாகிவிட்டது. இங்கே பனிக்காலத்தில் பனி உருக வீதிக்கு உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு எத்தனை வாகனங்களைத் தின்றிருக்கிறது என்று நாள்தோறும் பார்ப்பவன் நான்.

அடுத்த சனிக்கிழமையே ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்து வைத்தேன். ஜெனிற்றா அளவு நாடாவைப் பிடித்து அனுப்பிய படங்களைப் பார்த்து ஓரங்களை வெட்டினேன். அந்தப் பிக்கப்பின் தரைத் தகரத்தில், சாமான்களைக் கயிற்றால் கட்டுவதற்கு நாலு கொளுக்கிகள் இருந்தன. அவை வெளியே வர உறையில் நாலு துவாரங்கள் போட்டேன். பிறகு அதைச் சுருட்டிக் கட்டிக் கப்பலில் அனுப்பினேன்.

அனுப்பும் படிவத்தில், இங்கே கடையில் சொல்வதுபோல, 'பெட் லைனர்' என்று எழுதியது என் பிழை. கொழும்பில் சுங்கத்தில் இருந்தவர் அதைப் படுக்கை விரிப்பு என்று விளங்கிக்கொண்டாராம். பொதியை அவிழ்த்தால் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக, குளிக்கும் தொட்டிபோல ஒன்று. படுக்கை விரிப்பு எங்கே, இது எதற்கு, இதில் யார் படுப்பது என்று கேள்வி. அத்தான் வாகனப் பதிவின் பிரதியையும் பிக்கப்பின் படங்களையும் எடுத்துக்கொண்டு இரண்டு தடவை கொழும்புக்குப் பஸ்சில் போய்வந்தார். "அன்ரன், உன்ர மெத்தை வந்திட்டுது" என்று அவர் போனில் சொல்லிச் சிரித்தது இப்போதும் காதில் கேட்கிறது.

உறையைப் பூட்டிய பிறகு ஒரு வீடியோ அனுப்பினார்கள். அத்தான் அதைக் கையால் தட்டிக் காட்டி, "பாத்தியே, கப்பல் மாதிரி இருக்கு" என்றார். அதை நான் கடையில் எல்லோருக்கும் காட்டினேன்.

எங்கள் கடையில் இந்த உறையை வாங்கும் ஒவ்வொருவருக்கும் நான் ஒன்று சொல்லி அனுப்புவேன்: வருடத்தில் இரண்டு தடவையாவது இதைக் கழற்றுங்கள், கீழே கழுவுங்கள், நன்றாகக் காயவிடுங்கள். துவாரங்களால் தண்ணீர் கீழே இறங்கினால் வெளியேற வழியிருக்காது. அதுவும் உப்புத்தண்ணீர் என்றால் மாதத்துக்கு ஒருமுறை. முன்பின் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் சொல்லும் அந்த நாலு வசனத்தை என் அத்தானுக்கு நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் சந்தோசமாக இருந்தார். நானும் சந்தோசமாக இருந்தேன். அவ்வளவுதான் தெரிகிறது.

3

இரண்டு வருடங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை வழக்கம்போல அக்காவுக்குப் போனில் கோல் எடுத்தேன். மழை, மீன்வரத்து, பங்குத் தந்தையின் இடமாற்றம் எல்லாம் கதைத்து முடிந்தது. என் தமிழில் 'பெட்' என்றால் இப்போது பிக்கப்பின் பின்பெட்டிதான். கடையில் நாள் முழுதும் அந்தச் சொல்லோடு கிடந்து அப்படி ஆகிவிட்டது.

"அக்கா, பெட் எப்பிடி? பிரச்சினை ஒண்டும் இல்லையே?"

அக்கா உடனே கேட்டார், "ஆர் உனக்குச் சொன்னது?"

"என்னத்தை?"

"அவர் பெட்டில இருந்து எழும்பி மூண்டு மாதமாச்சு. இப்ப தடி இல்லாமல் நடக்கிறார். நீ அங்க கிடந்து கவலைப்பட்டு யோசிக்காதை."

கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. அத்தானுக்குக் கால் முறிந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்திருக்கிறார், மாதக் கணக்காக எனக்குத் தெரியாது. எப்படி நடந்தது என்று கேட்டேன். மோட்டார் சைக்கிளால் விழுந்தவர் என்றார் அக்கா. எங்கே என்று கேட்டேன். மணல் ஒழுங்கையில் என்றார். மோட்டார் சைக்கிளைப் பிக்கப் வாங்கிய கையோடு விற்றுவிட்டதாக அத்தானே எனக்குச் சொல்லியிருந்தார். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பொய்யை அவர் தேடவேண்டியிருக்கும்.

அந்தக் கிழமை ஏழு நாளும் வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு உறைக்குத் துவாரத்தை மாறி வெட்டினேன். என் மகள் மெலிசா ரொறன்ரோவில் வேலை செய்கிறாள். தமிழ் நன்றாக விளங்கும், கதைத்தால் பாதி ஆங்கிலம். நான் எழுதும் நீண்ட செய்திகளுக்கு ஒரு பெருவிரல் படம்தான் பதிலாக வரும். பிள்ளை எங்களை விட்டு, ஊரை விட்டு எங்கேயோ போய்விட்டாள் என்று மனைவியோடு எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். மரியதாஸ் மாமாவுக்கு இப்படியாம் என்று அவளுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன்.

"ஜெனிற்றா இப்ப டிரைவ் பண்ணுறேல்ல, அப்பா. கன மாதமா. உங்களுக்குத் தெரியாதா?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நாங்க ஒவ்வொரு நாளும் மெசேஜ் பண்ணுவம். ஏன் எண்டு கேட்டா அவ சொல்லுறா இல்ல. நான் திரும்பிக் கேக்கேல்ல."

கிழமைக்கு ஒருமுறை ஒழுங்காகக் கோல் எடுக்கும் எனக்குத் தெரியாதது, ஊரையே மறந்துவிட்டாள் என்று நான் நினைத்த பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அம்மா இறந்த நாளின் ஆண்டுத் திருப்பலி வருகிறது, அதற்கு வாறன் என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டு, கடையில் நாலு கிழமை விடுமுறை கேட்டேன்.

4

வீட்டுக்குப் போய் இறங்கியபோது பிக்கப் வேப்பமர நிழலில் பளபளவென்று கழுவி நின்றது. பின்பெட்டியில் என் கறுப்பு உறை. அத்தான் இடது காலை இழுத்து இழுத்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"பாத்தியே, உன்ர மெத்தை இன்னும் புதுசு மாதிரி," என்றார்.

உண்மையில் புதிதுபோலத்தான் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. இரண்டு வருடமாக மீன்பெட்டி இழுபட்ட உறை அப்படி இருக்காது. அத்தோடு வீட்டின் பின்சுவரில், கிணற்றடிப் பக்கம், புழுதி படியாத ஒரு பெரிய வடிவம் தெரிந்தது. நான் வெட்டிய ஓரங்களின் வளைவு எனக்குத் தெரியாதா? அந்த உறை மாதக் கணக்காக அந்தச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்திருக்கிறது. நான் வருகிறேன் என்றதும் எடுத்துக் கழுவிப் பூட்டியிருக்கிறார்கள்.

காலையில் பிக்கப்பை எடுக்க ஒரு ஆள் வந்தார். கூலிக்கு ஓட்டுபவர். ஜெனிற்றா கரையில் நின்று மீன் நிறுத்துக் கொடுத்தாள், பெட்டிகளை ஏற்றும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபத்தாறு வயது. போனில் வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை, "மாமா, தேத்தண்ணி குடிச்சீங்களோ?" என்பதற்கு மேல் என்னோடு கதைக்கவில்லை.

மூன்று நாள் பொறுத்தேன். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். நாலாம் நாள் மத்தியானம் பிக்கப் வவுனியாவில் இருந்து திரும்பி வந்து நின்றது. அத்தான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய் உறையின் பின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன்.

முதலில் மணம் வந்தது. பிறகு தகரம். அதைத் தகரம் என்று சொல்ல ஏலாது. விரலால் தொட்ட இடமெல்லாம் ஈரப் பிட்டுப்போல உதிர்ந்தது. நடுவில் கால் போய்விடாமல் ஒரு பலகைத் துண்டு வைத்து ஆணி அடித்திருந்தார்கள். முன்பக்கம் ஒரு கொளுக்கி மட்டும் மிச்சம். மற்ற மூன்றும் இருந்த இடத்தில் ஓட்டைகள், ஓரம் கிழிந்து மேல்நோக்கி வளைந்திருந்தன. சரியாக நான் உறையில் வெட்டிய துவாரங்களுக்குக் கீழே.

ஏதோ ஒன்று இழுத்துப் பிய்த்திருக்கிறது. எது, எப்படி என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. உறையைக் கழற்றி நிலத்தில் சாய்த்தேன்.

"கழட்டிட்டியோ," என்றது பின்னால் அத்தானின் குரல். சோற்றுக் கையோடு நின்றார்.

5

அவர் பிக்கப்பின் நிழலில் நிலத்தில் இருந்தபடி சொன்னார். ஒன்பது மாதத்துக்கு முன்னர், ஒட்டுசுட்டான் தாண்டிப் போகும்போது நடந்தது. ஜெனிற்றா ஓட்டினாள். பெட்டிகளில் ஒரு கண் இருக்கட்டும் என்று அவர் எப்போதும்போலப் பின்பெட்டியில், முன்பக்கச் சுவரோரம் காலைக் குறுக்கே நீட்டி இருந்தார். ஒரு மாட்டுப்பட்டி திடீரென்று கூட்டமாக வீதிக்கு ஏறியது. ஜெனிற்றா பிறேக் அடித்தாள். பெரிய ஐஸ் பெட்டி கட்டிய கயிற்றோடும் கொளுக்கிகளோடும் கிளம்பி, வழுக்கலான உறையில் சறுக்கிக்கொண்டு வந்து, அவருடைய காலைச் சுவரோடு நசித்தது.

"மாடு ஒண்டுக்கும் காயமில்லை," என்றார் அத்தான், அதுவும் ஒரு நல்ல செய்திபோல.

"மோட்டார் சைக்கிள் எண்டு ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"நான்தான் உன்ர அக்காவை அப்பிடிச் சொல்லச் சொன்னனான். அங்க தனியக் கிடந்து யோசிப்பாய். ஆசையா வெட்டி அனுப்பின சாமான். அதால எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நான் கேட்க விரும்பாத கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்டேன்.

"அத்தான், கொளுக்கி கறள்ல பிஞ்சது எண்டு ஜெனிற்றாவுக்குத் தெரியுமோ?"

அவர் சோறு காய்ந்த விரல்களைப் பார்த்தார்.

"சனம் என்ன கதைச்சது எண்டு உனக்குத் தெரியாது. பொம்பிளையிட்ட ஸ்ரியரிங்கைக் குடுத்தா இப்பிடித்தான் எண்டு. உன்ர கொக்கா யசிந்தா, இனி நீ ஓடாதை எண்டு வண்டித் திறப்பை வாங்கி அலுமாரிக்குள்ள வச்சிட்டா. பிள்ளை, நான் ஏன் அப்பிடிப் பிறேக் அடிச்சன், ஏன் அடிச்சன் எண்டு அழுதவள். நான் அழாதை எண்டனான். அவளில பிழையெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்ல."

"பிழையில்லை எண்டும் சொல்லேல்லத்தானே?"

"கொளுக்கியைச் சொன்னா உறையைச் சொல்லவேணும். உறையைச் சொன்னா உன்னைச் சொல்லவேணும், அன்ரன்."

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. கால் முறிந்தவர் மேல் கோபப்பட ஏலாது. என் நிம்மதிக்காக ஒரு பிள்ளையின் தலையில் ஒன்பது மாதம் அந்தப் பாரத்தை வைத்திருந்திருக்கிறார்கள். நான் அங்கே சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, எல்லாம் சுகமோ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பின்னேரம் ஜெனிற்றா கரையில் இருந்து வந்ததும் அவளைக் கையில் பிடித்துப் பிக்கப்புக்குக் கூட்டிப்போனேன். ஓட்டைகளைக் காட்டினேன். உறையின் துவாரங்களைக் காட்டினேன். தண்ணீர் எப்படி இறங்கியது, ஏன் வெளியேறவில்லை, தகரம் எப்படித் தேய்ந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவவேண்டும் என்று சொல்லாமல் விட்டது நான் என்பதையும் சொன்னேன்.

"நீ அடிச்சது சரியான பிறேக், மோள். கட்டினது நிண்டிருந்தா உன்ர கொப்பருக்குக் காலில ஒண்டும் நடந்திருக்காது. இது என்ர பிழை."

அவள் ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள். நகத்துக்குள் கறள் ஏறியது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஒன்பது மாதம், மாமா," என்றாள். "மாடு வாற மாதிரிக் கனவு. ஒன்பது மாதம்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் தகப்பனோடு கதைக்கவில்லை. அக்காவுக்கும் அன்றுதான் முழுவதும் தெரிந்தது. அவர் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்துகொண்டார். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் சோறு போட்டது ஜெனிற்றாவும் இல்லை, அக்காவும் இல்லை. நாங்களே போட்டுச் சாப்பிட்டோம்.

6

நான் திரும்பிப் போக இரண்டரைக் கிழமை இருந்தது. அதற்குள் பின்பெட்டியைச் சரிசெய்யவேண்டும். முள்ளியவளையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் கேதீஸ் என்பவரிடம் கொண்டுபோனோம். அத்தான், நான், ஜெனிற்றா. அவள் தகப்பனுக்கு எதிர்ப்பக்கம் நின்றாள்.

கேதீஸ் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தரையை முழுசா வெட்டி எடுக்கவேணும் அண்ணை. புதுத் தகரம் போடலாம். அதுக்கு மேல அலுமினியத்தில புள்ளித் தகடு அடிச்சு விடுறன். லொறிக்காரர் எல்லாம் அதுதான் போடினம். வாழ்நாளுக்குக் காணும்," என்றார்.

"உப்புத்தண்ணி போற இடம்," என்றேன். "அலுமினியமும் இரும்பும் ஒட்டிக் கிடந்து நடுவில உப்புத்தண்ணி நிண்டா, இரண்டில ஒண்டு அரிச்சுப்போடும். மேல மினுங்கும். கீழ ஒண்டும் மிஞ்சாது."

"அப்ப நீங்களே சொல்லுங்கோ. உங்கட தொழில்தானே."

போனமுறையும் என் தொழில்தான். இருந்தாலும் என் மனதில் ஒன்று இருந்தது. விசிறிப் பூசும் பூச்சு. எங்கள் கடையில் அதுதான் முதல்தரம். தகரத்தோடு தகரமாக ஒட்டும், சறுக்காது, ஓரங்களையும் மூடும். வவுனியாவில் ஒருவர் பூசுகிறார் என்று விசாரித்தும் வைத்திருந்தேன். அதன் அருமை பெருமைகளை நான் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லும்போது எனக்கே கடைக்குரல் வந்துவிட்டது.

ஜெனிற்றா கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மாமா, அந்தப் பூச்சு எங்கயும் ஒரு பொட்டு வெடிச்சு, கீழ தண்ணி போனா?"

"கொஞ்சம் கொஞ்சமாக் கறள் பிடிக்கும்."

"வெளியில தெரியுமோ?"

"கனகாலத்துக்குத் தெரியாது," என்றேன்.

"அப்ப எனக்கு வேண்டாம். எனக்குத் தூக்கிப் பாக்கக்கூடிய சாமான் வேணும். நான் ஒராளா தூக்கிக் கழுவக்கூடியதா இருக்கவேணும். பெட்டி சறுக்கக் கூடாது. மற்றதெல்லாம் எப்பிடியும் இருக்கட்டும்."

"றப்பர் பாய் பக்கச் சுவரைக் காக்காது," என்றேன்.

"பக்கச் சுவர் கண்ணுக்குத் தெரியுதுதானே? கீறுப்பட்டா பூசலாம்."

பதினொரு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் எது அதிக காலம் நிற்கும் என்றுதான் கேட்பார்கள். ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடலாமா என்று கேட்பார்கள். அப்படி மறந்துவிடலாம் என்று சொல்லி விற்பதுதான் என் தொழிலும்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "பிள்ளை சொல்லுறதைச் செய்யுங்கோ, கேதீஸ்," என்றார். ஜெனிற்றா அவரை ஒருமுறை பார்த்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு முதல்தரம்.

பழைய தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகரத்தை வெல்டிங்கில் ஒட்டினார்கள். கறள் தடுப்புப் பூச்சு இரண்டு தரம், ஒவ்வொன்றும் வெயிலில் ஒருநாள் காய்ந்து, அதன்மேல் சாதாரணப் பூச்சு. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்த காலம், புழுதி வந்து ஒட்டாமல் நானும் ஜெனிற்றாவும் சீலை பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் வடிய மூலைகளில் துளைகள் போட்டோம். கொளுக்கிகளைத் தகரத்தில் மட்டும் பிடிக்காமல், கீழே வண்டியின் இரும்புச் சட்டம்வரை நீண்ட திருகாணி போட்டு முடுக்கச் சொன்னேன். கேதீஸ் அதை எனக்குக் காட்டவில்லை, ஜெனிற்றாவைக் கீழே படுக்கவைத்துக் காட்டினார். அவள் ஒவ்வொன்றையும் தானே முடுக்கும் சாவி போட்டு இறுக்கிப் பார்த்தாள். தடித்த, வரிவரியான றப்பர் பாயை இரண்டு துண்டாக வெட்டினோம், ஒராள் தூக்குவதற்காக.

கறுப்பு உறையை என்ன செய்வது என்று கேதீஸ் கேட்டார். துவாரங்களை அடைத்தால் வாழைக்கன்றுகளுக்குத் தண்ணீர் தேக்க உதவும் என்று அவரே எடுத்துக்கொண்டார்.

7

மீன் ஏற்ற முன்னர் பரீட்சித்துப் பார்க்கவேண்டும் என்றேன். ஐஸ் பெட்டிகளில் கடல்தண்ணீர் நிரப்பிக் கட்டினோம். சனம் குறைந்த ஒரு நேர் வீதிக்குக் கொண்டுபோனோம். காலை பத்து மணி இருக்கும். கூலிக்கு ஓட்டுபவர் வண்டித் திறப்போடு நின்றார். அக்கா வரமாட்டேன் என்று சொன்னவர், கடைசி நேரம் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து ஏறியிருந்தார்.

அக்கா அந்த ஆளிடம் கையை நீட்டித் திறப்பை வாங்கினார். வாங்கி ஜெனிற்றாவின் பக்கம் நீட்டினார்.

"இந்தா."

"நீங்கள் சொல்லுங்கோ அம்மா, நான் ஓடுறதோ?"

"சொல்லித்தானே தாறன்," என்றார் அக்கா. "அவசரப்பட்டு உன்னைப் பிழையெண்டு நினைச்சிட்டன். பிடி."

நாங்கள் வீதியோரம் பனைக்குக் கீழே நின்றோம். அத்தானின் கை என் தோளில். கால் வலிக்குப் பிடித்துக்கொண்டார். பிக்கப் தூரத்தில் திரும்பி எங்களை நோக்கி வந்தது. வேகம் கூடியது. எனக்குள் எல்லாக் கணக்கும் ஓடியது: ஆணி எத்தனை தடிப்பு, கயிறு பழசோ, ஒட்டு சரியாகப் பிடித்ததோ, நான் இன்னும் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். எங்களுக்கு முன்னால் வந்ததும் அவள் பிறேக்கை அழுத்தினாள். ரயர் கத்தியது. புழுதி எழும்பியது.

நான் கண்ணை மூடிவிட்டேன். ஒரு மடார்ச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

ஜெனிற்றா இறங்கிப் பின்னால் ஏறினாள். பெட்டி இருந்த இடத்தைச் சோக்குக் கட்டியால் முதலே கோடு போட்டு வைத்திருந்தாள். குனிந்து கையால் அளந்தாள்.

"நாலு விரல் அசைஞ்சிருக்கு," என்றாள்.

"அது பரவாயில்லை மோள், கயிறு இழுபடும்," என்றேன்.

"பரவாயில்லை எண்டு நீங்கள் சொல்லாதேங்கோ, மாமா. குறுக்கால இன்னொரு கயிறு போடுவம்."

போட்டோம். இரண்டாம் தரம் பெட்டி கோட்டிலேயே நின்றது. மூன்றாம் தரமும் செய்து பார்த்தாள். பிறகு இறங்கி வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"இனி நீங்கள் பின்னால இருக்கக்கூடாது. ஆரும் இருக்கக்கூடாது."

"ஓம்," என்றார் அத்தான்.

"எனக்குத் தெரியவேண்டியது ஒண்டையும் ஒளிக்கக்கூடாது."

"ஓம் பிள்ளை."

அவள் அவரைப் பிடித்து முன் இருக்கையில் ஏற்றி, காலைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். அடுத்த நாள் காலை மீனோடு வவுனியாவுக்குப் போனபோது நானும் முன்னால் நெருக்கிக்கொண்டு இருந்தேன். ஒட்டுசுட்டான் தாண்டும்போது அவள் வேகத்தைக் குறைத்தாள். மாங்குளத்தில் நிறுத்தி, பெட்டிகளைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்தோம்.

8

இது நடந்து மாதங்களாகிவிட்டன. இங்கே பனி விழத் தொடங்கியாயிற்று. அங்கே மாரி மழை. நான் மாறிவிட்டேன் என்று சொல்ல ஏலாது. அக்காவோடு கதைத்து முடித்தபின், அவர் சொன்ன ஒவ்வொரு "சுகம்" என்ற சொல்லையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதில் எது உண்மையான சுகம், எது எனக்காகச் சொல்லும் சுகம்? எட்டாயிரம் மைல் தூரத்தில் இருப்பவனுக்கு அதைப் பிரித்தறிய வழியில்லை. அந்த விவசாயி வந்த அன்று வாய் அடைத்ததற்கும் அதுதான் காரணம். அவர் கேட்டது தன் பிக்கப்பைப் பற்றி. என் காதில் விழுந்தது முல்லைத்தீவுப் பிக்கப்பைப் பற்றி.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஜெனிற்றா ஒரு படம் அனுப்பியிருந்தாள். றப்பர் பாயைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கீழே இடப்பக்க மூலையில், தகரம் ஒட்டிய இடத்தில், ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு மண்ணிறப் பொட்டு. படத்துக்குக் கீழே குரலாகச் சொல்லியிருந்தாள்:

"மாமா, கறள் துடங்கியிருக்கு. மாமாவுக்குச் சொல்லாதை, பாவம், யோசிப்பார் எண்டு அப்பா சொன்னவர். நான் சொல்லுறன் எண்டிட்டன். யோசியுங்கோ. யோசிச்சு, என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ."

பனியில் நின்றபடி அதை நாலு தரம் கேட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒட்டு சரியில்லையோ, துளை அடைபட்டதோ, மழைத்தண்ணீர் நிற்கிறதோ. கையுறையைக் கழற்றினேன். விரல் விறைக்க விறைக்க எழுதினேன்: பொட்டைச் சுற்றி வெள்ளைத் தகரம் தெரியுமட்டும் தேய், நல்ல தண்ணியால கழுவு, ஒருநாள் காயவிடு, பூச முன்னம் எனக்கு இன்னொரு படம் அனுப்பு.

எழுதி முடித்துவிட்டு, அன்று முழுவதும் அந்த ஒரு பொட்டை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிந்து பயந்ததால், கனகாலத்துக்குப் பிறகு, அந்தப் பயம் தாங்கக்கூடியதாக இருந்தது.